ஆகாயத்திலிருந்து ஓர் ஆசிரியப் பயிற்சி

சென்ற கோடை விடுமுறையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிவியல் பாடத்தைச் செய்முறையோடு கற்பிப்பது எங்ஙனம் என்பது பொருள். இரண்டு வாரம் உட்கார்ந்து படங்களைத் திரட்டினேன். அவற்றுள் அசையும் படங்களும் பல. பள்ளிக்கூடச் சுவரில் அண்மையில் பொருத்தப்பட்டிருந்த மின்திரையை நம்பியே அத்தனை ஏற்பாடும் அமைந்திருந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு நாற்பது ஆசிரியர்கள் வந்து அமர்ந்தார்கள். திரை ஒளிரவில்லை. ஒருவர் கம்பியை அசைத்துப் பார்த்தார். மற்றொருவர் யாருக்கோ தொலைபேசியில் செய்தி சொன்னார். அரை மணி நேரம் இவ்வாறு கழிந்தபின், பின்வரிசையில் இருந்த முதிய ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஐயா, கரும்பலகை நன்றாகத்தான் இருக்கிறது. சாக்பீஸ் என் பையில் இருக்கிறது, தரட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு வெட்கம் மிகுந்தது. நான் செய்திருந்த ஆயத்தமெல்லாம் அந்தத் திரைக்காகவே செய்யப்பட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

அன்று மாலை வீடு திரும்பும் வழியில், அரை நூற்றாண்டுக்கு முன் நம் நாட்டில் நடந்த ஒரு பெரும் பயிற்சியின் வரலாறு நினைவுக்கு வந்தது. பழுதாகக்கூடிய கருவி ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு ஒரே சமயத்தில் பயிற்சி அளிக்க முயன்ற வரலாறு அது. அதனை இன்று நேயர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கருவியைக் கொண்டு கற்பித்தல் என்பது நம் நாட்டிற்கும் நம் காலத்திற்கும் மட்டும் உரியதன்று. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இங்கிலாந்தில் சர் வால்ஃபோர்ட் டேவிஸ் என்னும் இசைப் பேராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு வானொலிப் பாடம் நடத்தினார். பள்ளி ஒலிபரப்பின் தொடக்கம் என்று அதனைக் குறிப்பிடுவர். மூன்று ஆண்டுகள் கழித்து, கென்ட் மாகாணத்துப் பள்ளிகளில் இப்பாடங்களின் பயனை ஆராயப் புகுந்தவர்கள், பாடம் நல்லதா, குழந்தைகள் கற்றார்களா என்ற கேள்விகளுக்குப் போகுமுன், பெட்டியில் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்ற கேள்வியையே முதலில் எதிர்கொள்ள நேர்ந்தது. கரகரப்பும் இரைச்சலும் நிறைந்த பெட்டியின் முன் அமர்ந்த குழந்தை எதைக் கற்கும்? ஒலிபரப்பாளர் பள்ளிகளுக்குப் பொறியாளர்களை அனுப்பி வாங்கிகளைச் சீர்செய்ய உதவவும், ஒவ்வொரு பாடத்தொடருக்கும் படங்களோடு சிறு நூல் அச்சிட்டு வழங்கவும் தொடங்கினார்கள். காதில் விழாததைக் கண்ணால் படித்துக்கொள்ளலாம் அல்லவா? அச்சிட்ட தாள் பழுதாவதில்லை. அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

நம் நாட்டில் டில்லியில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டெலிவிஷன் சோதனை முறையில் தொடங்கியது. 1961இல் டில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்கென முறையான பாட ஒளிபரப்பு வந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிகளில் பௌதிகமும் ரசாயனமும் கற்பிக்கத் துணையாக வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் அது தலைநகரத்தின் கதை. மின்சாரமும் சாலையும் பழுது பார்ப்பவரும் அங்கே பக்கத்தில் உண்டு. நான் சொல்லவந்தது கிராமங்களின் கதை.

1969ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அமெரிக்கர்கள் விண்ணில் ஏவவிருந்த ஒரு செயற்கைத் துணைக்கோளை ஓராண்டுக் காலம் இந்தியக் கிராமங்களுக்குப் பாடம் சொல்லப் பயன்படுத்திக்கொள்வது என்பதே அதன் சாரம். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் விக்ரம் சாராபாய் அதற்கு வழிகோலியவர். நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்லக் கிராமத்துக்குப் பரவும் வழக்கமான பாதையை விட்டு, ஆகாயத்திலிருந்து நேரே கிராமத்துக்கு இறங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1971 டிசம்பரில் அவர் மறைந்தார், திட்டம் மறையவில்லை. யஷ்பால், ஈ. வி. சிட்னிஸ் முதலியோர் ஆமதாபாத்தில் அதனை நடத்திச் சென்றார்கள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி 'சைட்' என்று அதற்குச் சுருக்கப் பெயர் வழங்கிற்று.

துணைக்கோளின் பெயர் ஏ.டி.எஸ். 6. 1974ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அது விண்ணில் ஏறியது. விரித்த குடையைப்போல் 9 மீட்டர் அகலமுள்ள வலைத்தட்டு ஒன்று அதன் தலையில் இருந்தது. இந்தியாவுக்கு வருமுன் ஓராண்டு அது அமெரிக்காவிலேயே வேலை செய்தது. அங்கும் அதன் வேலைகளுள் ஒன்று ஆசிரியப் பயிற்சிதான் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஏழை ஊர்களில் இருந்த ஆசிரியர்களுக்கு, வாசிக்கக் கற்பிக்கும் முறைபற்றிய பாடங்களைக் கென்டக்கி பல்கலைக்கழகத்தார் அதன் வழியாக அனுப்பினார்கள். மலைநாட்டு ஆசிரியரின் தனிமையும் நம் தக்காண வறள்நில ஆசிரியரின் தனிமையும் ஒரே தன்மையுடையவைபோலும்! 1975ஆம் ஆண்டின் நடுவில் அத்துணைக்கோள் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு மேலாக நகர்த்தி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் ஒளிபரப்பு தொடங்கிற்று.

ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பீஜப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர், கர்நூல், மெகபூப்நகர் என்று நாம் அறிந்த மாவட்டங்களும் அவற்றுள் உண்டு. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. எனினும் இதே மாதத்தில், ஆகஸ்டு 15ஆம் நாள், சென்னையில் டெலிவிஷன் நிலையம் திறக்கப்பட்டது. சென்னைவாசி தன் வீட்டுக் கூடத்தில் படம் பார்க்கத் தொடங்கியபோது, ராய்ச்சூர்ச் சிற்றூரான் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் பார்க்கத் தொடங்கினான். டெலிவிஷன் நிலையமே இல்லாதிருந்த இலங்கையிலும் ஒரு வீட்டில் இந்தப் படங்கள் தெரிந்தன. துணைக்கோள் வழிச் செய்தித் தொடர்பை 1945ஆம் ஆண்டிலேயே எழுத்தில் முன்னறிவித்த ஆர்தர் கிளார்க் கொழும்பில் வாழ்ந்துவந்தார். அவருடைய இல்லத்தில் இந்திய விண்வெளித் துறையினர் ஓர் ஏரியலை நிறுவிக் கொடுத்தனர். நல்ல மரியாதை!

இனிக் கருவியின் கதைக்கு வருவோம். கிராமத்தில் இருந்தவை மூன்று பகுதிகள். முதலாவது, ஏறத்தாழ 3 மீட்டர் அகலமுள்ள ஏரியல். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைக் கொண்டே அதனைச் செய்தார்கள். விலை குறைவு, காற்று ஊடுருவிச் செல்லும், உள்ளூரிலேயே செய்யலாம். இரண்டாவது, துணைக்கோளின் அலையை டெலிவிஷன் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் சிறு கருவி. மூன்றாவது, ஐதராபாத்தில் மின்னணு நிறுவனம் தயாரித்த டெலிவிஷன் பெட்டி. கறுப்பு வெள்ளைப் படந்தான். பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலேயே இதனை வைத்தார்கள். எல்லாச் சாதியாரும் தடையின்றி வந்து அமரக்கூடிய இடம் ஊரில் அதுதான் என்பது ஒரு காரணம். பள்ளிக்கூடத்தில் வைத்தமையால் அதனைக் காத்து, திறந்து, மூடும் பொறுப்பும் பெரும்பாலான ஊர்களில் ஆசிரியர் தலையிலேயே விழுந்தது.

இந்த மூன்று பகுதிகளில் எது வேண்டுமாயினும் எந்த நேரத்திலும் பழுதாகலாம். கிராமத்து மின்சாரத்தின் இயல்பு நேயர்கள் அறிந்ததே. வயலில் இறைப்பு யந்திரம் ஓடத் தொடங்கினால் பள்ளிக்கூடத்தில் விளக்கு மங்கும். மின்சாரமே எட்டாத சில ஊர்களில் பாட்டரியால் பெட்டியை இயக்கினார்கள். பாட்டரியோ அவ்வப்போது ஊட்டம் ஏற்றப்பட வேண்டும். ஏரியல் சற்றே திசை மாறினால் படம் கெடும்.

இதை அமைத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அதனாலேயே கிராமங்களை நாடெங்கும் தூவாமல், மாநிலத்துக்கு ஏறத்தாழ நானூறு என்று கொத்துக் கொத்தாகத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே பழுதுபார்க்கும் நிலையங்கள், அங்கே ஜீப், உதிரிப் பாகங்கள், கைதேர்ந்தவர் சிலர். பெட்டி நின்றுபோனால், முன்பே முகவரி அச்சிட்டுக் கொடுத்திருந்த தபால் கார்டில் குறையைக் குறித்துப் பெட்டியின் காப்பாளர் அனுப்ப வேண்டும். ஆகாயத்தில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கணத்துக்குள் இறங்கிவந்த படத்தைக் காப்பாற்றியது, மிதிவண்டியிலும் பேருந்திலும் ஊர்ந்து போன தபால் கார்டு! அக்கார்டு ஒரு நாளில் போய்ச் சேரலாம். மூன்று நாளும் ஆகலாம். அத்தனை இடையூறுகளுக்கிடையிலும் எந்த நாளிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் வேலை செய்தன என்பது பெருமைக்குரிய செய்தி. அக்காலத்தில் நம் பொறியாளர்கள் செய்த சாதனைகளுள் இதனை நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன்.

ஆயினும் மறுபுறம் பாருங்கள். நூற்றுக்கு எண்பத்தைந்து பெட்டிகள் ஓடின என்று கொண்டாலும், மற்றப் பதினைந்தின் முன் அமர்ந்திருந்தவர்கள் இருட்டைத்தான் பார்த்தார்கள். இரண்டாயிரத்து நானூற்றில் நூற்றுக்குப் பதினைந்து என்றால் 360 ஊர்கள். மாலை நேரத்தில் உழவர்களுக்கான காட்சி ஒரு நாள் நின்றால் பெரிய நட்டமில்லை, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். காலையில் பள்ளிச் சிறுவர்க்கான காட்சி நின்றாலும் வாத்தியார் வழக்கம்போல் பாடம் நடத்துவார். ஆசிரியப் பயிற்சி அப்படிப்பட்டதன்று. பன்னிரண்டே நாள். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து விடுமுறையை விட்டுவிட்டு ஆசிரியர்கள் நடந்தும் வண்டியேறியும் வந்து கூடுகிறார்கள். மூன்றாம் நாள் நின்ற பெட்டி ஆறாம் நாள் திருந்தினால் இடையில் விட்ட கண்ணிகளை யார் கோப்பது?

அந்தப் பயிற்சியைத் திட்டமிடும் பொறுப்பு தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் கல்வித் தொழில்நுட்ப மையத்திடம் விடப்பட்டது. குறிக்கோள் பெரிது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் புதிய முறையைப் பழக்க வேண்டும். அவர்களுள் பலர் தாமே பள்ளியில் அறிவியலை முறையாகப் படிக்காதவர்கள். ஆய்வுக்கூடத்தைக் கண்ணால் கண்டவர் சிலரே. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருவரே நடத்துபவர்கள் அநேகர். அவர்களிடம் போய், "செய்து காட்டிக் கற்பியுங்கள்" என்றால், "எதைக் கொண்டு, ஐயா?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயமே. ஆகவே சுற்றுப்புறத்தையே பாடப்பொருளாகவும் ஆய்வுக்கூடமாகவும் கொள்ளும் முறை எடுத்துக்கொள்ளப்பட்டது. இலை, மண், நீர், நிழல், காந்தம் இவைபோன்ற எளியவற்றைப் பார்த்து, அளந்து, கேள்வி கேட்டு அறியும் முறை எனலாம்.

1975 அக்டோபரில் முதற் பயிற்சி நடந்தது. பன்னிரண்டு நாளில் ஏறத்தாழ 24,000 ஆசிரியர்கள் பங்குகொண்டார்கள். மறு ஆண்டு கோடையில் மீண்டும் அதே அளவினர். இரண்டும் சேர்ந்து 48,000 பேர் என்று கணக்கிட்டார்கள். வழக்கமான முறையில், பயிற்சிக் கல்லூரிக்கு ஐம்பது ஐம்பது பேராக அழைத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் இத்தனை பேரை முடிக்கச் சற்றொப்ப ஆயிரம் முறை பயிற்சி நடத்தியிருக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் துணைக்கோளைத்தான் வியந்தார்கள். நான் வியப்பது வேறொன்று. டெலிவிஷன் படம் அந்தப் பயிற்சியின் ஒரு கூறாக மட்டுமே அமைந்திருந்தது. அதனோடு வானொலி நிகழ்ச்சிகள் இருந்தன. ஆசிரியர் கையில் அச்சிட்ட கையேடுகள் இருந்தன. தாமே செய்து பார்க்கப் பொருள்கள் தரப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மையத்திலும் முன்கூட்டியே பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். ஒரு மையத்தில் ஏறக்குறையப் பத்து ஆசிரியர். அவர்கள் நடுவே ஒரு வழிகாட்டி. படத்தைப் பார்ப்பது, வானொலியைக் கேட்பது, கையேட்டைப் படிப்பது, பொருளைக் கையில் எடுத்துச் செய்து பார்ப்பது, பின் கூடிப் பேசுவது என்று நாள் கழிந்தது.

ஒரு பொருளைப் பல வழியாகச் சொன்னால் மனத்தில் நன்கு பதியும் என்ற கல்விக் கொள்கையின்படிதான் இவ்வாறு அமைத்தார்கள் என்பர். அது உண்மையே. ஆனால் எந்த நோக்கத்தோடு அமைத்திருந்தாலும், பழுதைத் தாங்கும் வலிமை அந்த அமைப்புக்கு அதனாலேயே வாய்த்தது என்பது என் கருத்து. படம் நின்றால் வானொலி பேசும். ஊரில் மின்சாரம் இல்லையென்றாலும், 1975ஆம் ஆண்டில் சிறு பாட்டரியால் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டி கிராமங்களுக்கு எட்டிவிட்டிருந்தது. வானொலியும் கேட்கவில்லையானால் கையேடு இருக்கிறது. கையேடு விளங்காவிட்டால் வழிகாட்டியைக் கேட்கலாம். அவருக்கும் ஐயமானால், பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு பத்துப் பேரும் செய்து பார்க்கலாம். விடையை இயற்கையே சொல்லும். ஒரு கயிற்றில் தொங்காமல் ஐந்து கயிறுகளில் தொங்கிய ஊஞ்சல் அது.

வானொலியில் பேசுகிறவன் வானொலியைப் புகழ்வது முறையன்று என்று சிலர் எண்ணக்கூடும். இருப்பினும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு முழுதும் செய்தித்தாள்களில் வந்தது ஏரியலின் படந்தான். பக்கத்தில் இருந்த டிரான்சிஸ்டர் பெட்டியை யாரும் படம் பிடித்ததாகத் தெரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. துணைக்கோள் ஒரு சமயத்தில் ஒரு படத்தையே அனுப்பக்கூடியது. அதனோடு இரண்டு மொழிகளில் ஒலியை அனுப்பலாம். மொழிகளோ இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு. ஆகவே காலைப்பொழுதின் ஒன்றரை மணி நேரத்தை மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடமாகப் பகிர வேண்டியதாயிற்று. ஒரே படத்துக்கு இரண்டு மொழி பேசவைத்தபோது, படத்தில் இருப்பவர் உடையும் வீடும் வயலும் ஒரு நாட்டினதாகவும், குரல் இன்னொரு நாட்டினதாகவும் அமைந்துவிடும். ஒரிசாவின் மலைக்கிராமத்து ஆசிரியருக்கு ராஜஸ்தானத்து மணல் அன்னியமே. டில்லி, ஐதராபாத், கட்டாக் ஆகிய இடங்களில் தனித்தனி நிகழ்ச்சி தயாரிப்பு நிலையங்களை அமைத்தும் இக்குறை முழுதும் தீரவில்லை.

மற்றொரு குறை இதனினும் பெரிது. படம் பேசும், ஆசிரியர் திருப்பிப் பேச முடியாது. "எங்கள் ஊரில் அந்தச் செடி இல்லையே, வேறென்ன கொள்ளலாம்?" என்று ஒருவர் கேட்க விரும்பினால், ஆமதாபாத்துக்கு அவர் குரல் எட்டாது. வழிகாட்டி ஒருவரே அவருக்குத் துணை. வழிகாட்டி நல்லவராக வாய்த்த மையம் தழைத்தது. வாய்க்காத மையத்தில் படம் எத்துணைத் தெளிவாக விழுந்தும் பயன் குறைந்திருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது.

பயன் என்ன விளைந்தது என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தபோது ஆசிரியர்களின் அறிவியல் அறிவு வளர்ந்திருப்பது தெரிந்தது. காலைக் காட்சிகளைப் பார்த்த பள்ளிக் குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் மொழியாற்றலில் முன்னேற்றம் காணப்பட்டபோதிலும், அறிவியல் பாடத் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. இவ்விரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு வந்தது பெரும்பாலும் படம் மட்டுமே. ஆசிரியருக்குப் படத்தோடு கையேடும் பொருளும் துணையும் வந்தன. ஓராண்டுச் சோதனையைக் கொண்டு பெரிய முடிவுகளுக்குப் பாய்வது கூடாது என்றாலும், இந்த வேறுபாடு என் மனத்தை விட்டு அகலவில்லை.

இதே காலத்தில், இதே மத்தியப் பிரதேசத்தில், ஒரு பெட்டியும் இல்லாமல் ஒரு பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர் கிராம மையம் என்னும் இரண்டு அமைப்புகள் அறிவியல் கற்பிக்கும் முயற்சி ஒன்றைத் தொடங்கின. அங்கே பூவை அறுத்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள். பல்கலைக்கழகங்களிலிருந்து அறிவியலாளர்கள் வந்து ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்து சோதனைகளைச் செய்தார்கள். மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேசினார்கள். சோதனை வராதபோது ஆசிரியரைக் குறை சொல்லாமல் பாடநூலைத் திருத்தினார்கள். 1978இல் அது மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 2002இல் அரசு அதனை நிறுத்திவிட்டது என்பது வேறு கதை, வருந்தத்தக்க கதை.

அங்கே 16 பள்ளிகள். இங்கே 2,400 கிராமங்கள். அங்கே மாதந்தோறும் சந்திப்பு. இங்கே பன்னிரண்டு நாளோடு பிரிவு. இரண்டையும் ஒட்டவைக்கும் வாய்ப்பு அன்று இருந்தது என்று நான் நினைப்பதுண்டு. துணைக்கோள் பரப்பிய விதைக்கு மாதக் கூட்டம் நீர் வார்த்திருக்கும். ஆனால் விண்வெளித் துறையின் காலக்கணக்கு அமெரிக்கத் துணைக்கோளின் காலக்கணக்கு. அதற்கு ஓராண்டுதான் தவணை.

1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாளோடு தவணை முடிந்தது. துணைக்கோள் மீண்டும் மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. கிராமங்களில் பெட்டிகள் இருட்டின. பின்னர் ஜெய்ப்பூர், ராய்ப்பூர், குல்பர்கா முதலிய இடங்களில் தரையிலேயே ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்தபோது அவற்றுக்கு எட்டிய ஊர்கள் மட்டும் மீண்டும் படம் பார்த்தன. எட்டாத ஊர்களில் கம்பிவலை வெயிலில் நின்றது. நம் நாட்டுக்கென வந்த இன்சாட் 1ஏ துணைக்கோள் 1982இல் சில மாதங்களிலேயே செயலிழந்தது; 1983இல் இன்சாட் 1பி வந்தபின்தான் ஆகாயவழிப் பாடங்கள் நிலைபெற்றன.

ஆசிரியர் திருப்பிப் பேச முடியவில்லை என்று சொன்னேன் அல்லவா? அக்குறையைத் தீர்க்கும் முயற்சி 1996ஆம் ஆண்டு ஜனவரியில் கர்நாடகத்தில் நடந்தது. மாவட்டத் தலைநகரங்களில் அமைந்த மையங்களில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, படத்தில் தெரிந்த வல்லுநர்களிடம் தொலைபேசி வழியே நேரே கேள்வி கேட்டார்கள். அங்கும் ஒவ்வொரு மையத்திலும் வழிநடத்துவோர் இருந்தார்கள். அச்சிட்ட பாடங்கள் இருந்தன. இருபது ஆண்டுக்கு முந்திய அனுபவத்தை அவர்கள் மறக்கவில்லை என்றே கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே எடுசாட் என்னும் துணைக்கோள் ஏவப்பட்டது. 2010இல் அதன் பணி முடிந்தது. அதற்குப்பின் கைப்பேசியும் மின்திரையும் வந்தன. கருவிகள் மாறிமாறி வருகின்றன. வகுப்பறையில் மின்சாரம் நிற்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

என் மூன்று நாள் பயிற்சி என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்த அம்மையாரின் சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். முதல் நாள் ஒருவாறு கழிந்தது. அன்றிரவு உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு தாள் எழுதினேன். ஒன்று திரை ஒளிர்ந்தால் செய்யவேண்டியது, மற்றொன்று ஒளிராவிட்டால் செய்யவேண்டியது. இரண்டாவது தாளை எழுதும்போது, ஆசிரியர் கையில் என்ன இருக்கும், பள்ளி முற்றத்தில் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது பேரை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரை முன்னிரவே அழைத்துப் பேசி ஆயத்தப்படுத்தினேன். அந்த அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

மூன்றாம் நாள் முற்பகல் திரை சரியாயிற்று. நுண்ணுயிர்கள் நீரில் நீந்துவதை அதில் காட்டினேன். முற்றத்தில் எத்தனை நாள் தேடினாலும் வெறுங் கண்ணுக்குத் தென்படாத காட்சி அது. ஆசிரியர்கள் மிக ஆர்வத்தோடு பார்த்தார்கள். இருபது நிமிடம் கழித்து அதனை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே போனோம். மணிக்கு மணி கம்பத்தின் நிழலை அளக்கும் வேலை பாதியில் நின்றிருந்தது; பதினொரு மணி அளவை எடுக்க நேரமாகிவிட்டது.